பிரதமர் சொன்னதாக நான் சொன்னது

முனை உங்கள் காலில் இடிக்கிறதா? இருங்கள், இந்தப் பக்கமாகச் சாய்த்துக்கொள்கிறேன். மண்வெட்டிதான். சாக்கைச் சுற்றிக் கயிறும் கட்டியிருக்கிறேன். அப்படியும் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் சண்டைக்கு வந்துவிட்டார். "பெரியவரே, வெள்ளைச் சட்டையும் கண்ணாடியும் போட்டுக்கிட்டு மம்பட்டியத் தூக்கிட்டு வர்றீங்களே, வால்பாறையில புதையலா எடுக்கப் போறீங்க?" என்றார். ஆமாம் என்றேன். பஸ்ஸே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள், பார்த்தேன். பரவாயில்லை.

ஜன்னலோரத்தில் நீங்களே இருங்கள். மொத்தம் நாற்பது வளைவு. புரட்டிக்கொண்டு வந்தால் இந்த எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பாருங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு போகிறவன் நான், எனக்குப் பழகிவிட்டது.

நான் பேசுவது கொஞ்சம் புத்தகம் மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். முப்பத்துநாலு வருஷம் வாத்தியார். அதுவும் இந்தி வாத்தியார். பொள்ளாச்சியில் 'இந்தி சதாசிவம்' என்றால் ஆட்டோக்காரர் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார். எங்கள் ஊரில் ஒருவனுக்கு முன்னால் 'இந்தி' என்று அடைமொழி போட்டால் அது மரியாதையா கேலியா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஹரிநந்தன் பிரதமராக இருந்தாரே, இரண்டரை வருஷம், நினைவிருக்கிறதா? அவர் தமிழ்நாட்டில் பேசிய பதினேழு கூட்டத்திலும் பக்கத்தில் இன்னொரு மைக் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் நிற்பான். ஒல்லியாக, வெள்ளைச் சட்டை. அது நான்தான். இப்போது பாருங்கள், எங்கேயோ பார்த்த முகம் என்று தோன்றுகிறது அல்லவா? எல்லோருக்கும் தோன்றும். யாருக்கும் இடம் நினைவு வராது.

அவர் பிரதமர் ஆவதற்கு முன்னால், தேர்தல் பிரசாரத்தில்தான் முதல்முறை. உடுமலையில் கூட்டம். வழக்கமாக மொழிபெயர்க்கிறவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. கட்சிக்காரர் ஒருவரின் மகள் என்னிடம் படித்தவள், அவர் வந்து கையோடு அழைத்துப்போனார். மேடையில் ஏறி ஐந்து நிமிஷம் ஆகவில்லை. எதிர்க்கட்சி வேட்பாளர் ஒருவருக்குக் கால் கொஞ்சம் ஊனம். ஹரிநந்தன் அவரை ஒரு வார்த்தை சொன்னார். இந்தியில் அது தெருவில் சண்டை போடுகிறவர்கள்கூட யோசித்துச் சொல்லும் வார்த்தை. "உடல்நலம் குன்றியிருக்கும் என் நண்பர் விரைவில் தேற வேண்டும்" என்று தமிழில் சொன்னேன். கூட்டம் கைதட்டியது. அவர் தன் வார்த்தைக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து, அதையே இன்னும் இரண்டு தடவை சொன்னார். நானும் இரண்டு தடவை அந்த வேட்பாளரைத் தேற வைத்தேன்.

அன்றிலிருந்து தமிழ்நாடு என்றால் நான்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அவரோடு இருந்தால் தெரியும். கைதட்டல் பிடிக்கும், கேள்வி பிடிக்காது. யாராவது எழுந்து கேள்வி கேட்டால் நெற்றியில் ஒரு நரம்பு புடைக்கும், நான் அதைப் பார்த்துத்தான் அடுத்த வாக்கியத்துக்குத் தயாராவேன். டீ சூடாக இருந்தது என்று கிளாசை ஹெலிகாப்டர் இறங்கும் இடத்திலேயே ஒரு தாசில்தாரின் காலருகே எறிந்தார். ஐ.ஏ.எஸ். அதிகாரியை வெயிலில் நாற்பது நிமிஷம் குடை பிடிக்க வைத்தார், குடை அவருக்கு, வெயில் அதிகாரிக்கு. யார் கொடுத்த ஃபைலையும் படித்து நான் பார்த்ததில்லை. கொடுத்தவர் முகத்தைப் பார்ப்பார். பிடித்த முகம் என்றால் கையெழுத்து, இல்லையென்றால் "இந்தக் கழுதையை யார் அனுப்பியது?"

பொள்ளாச்சியில் தென்னை விவசாயிகள் கூட்டம். ஒருவர் எழுந்து, வாடல் நோய்க்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். "இவனுக்கு யார் மைக் கொடுத்தது?" என்றார் ஹரிநந்தன். நான், "இந்த அன்பருக்கு மைக் கொடுத்தவர்களுக்கு நன்றி, இப்படிப்பட்ட கேள்விகள்தான் எனக்கு வேண்டும்" என்றேன். அந்த விவசாயி கண்கலங்கிக் கும்பிட்டார்.

வடக்கே அவரை முரடன் என்று எழுதினார்கள், கார்ட்டூன் போட்டார்கள். தமிழ்நாட்டில் அவரைப் பண்பானவர் என்றார்கள். கண்டிப்பானவர், ஆனால் கனிந்த மனசு என்று ஒரு தலையங்கமே வந்தது. அந்தக் கனிவு முழுக்க என்னுடையது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, அப்போது பெருமையாகத்தான் இருந்தது. அவர் என்னைத் 'தோதா' என்று கூப்பிடுவார். கிளி என்று அர்த்தம். செல்லமாகத்தான். பதினேழு கூட்டத்திலும் ஒரு தடவைகூட என் பெயரைக் கேட்டதில்லை, கிளி என்று வந்துவிட்ட பிறகு பெயர் எதற்கு?

நான் பொய் சொன்னேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. மொழிபெயர்ப்பு என்றாலே அப்படித்தான். கோபத்தில் ஒரு மனிதன் சொல்வதை அப்படியே சொன்னால் அது அவனுக்குச் செய்கிற துரோகம் இல்லையா? கலவரம் வந்தால்? யாராவது கல்லெறிந்தால்? நான் அமைதியைக் காப்பாற்றினேன். இதைத்தான் என் மனைவி கோமதியிடமும் சொல்வேன். அவள் என்னிடமே இந்தி படித்து எல்லாத் தேர்வும் எழுதியவள். "அமைதியக் காப்பாத்தினீங்களா, அவரக் காப்பாத்தினீங்களா?" என்று கேட்பாள். அவளுக்கு எதையும் கோணலாகவே பார்த்துப் பழக்கம்.

இது பதினேழாவது வளைவு. கீழே பாருங்கள், ஆழியாறு அணை தெரிகிறது. பார்த்துக்கொள்ளுங்கள், இன்னும் கொஞ்சம் போனால் பனி மூடிவிடும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆடி மாதம். இந்த மலையில் ஒன்பது நாள் விடாத மழை. மேல்சோலை தேயிலை எஸ்டேட்டில் மலை சரிந்தது. லைன் வீடு பார்த்திருக்கிறீர்களா? ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து வீடு, இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரு சுவர். அதில் ஆறு வீட்டை மண் அடித்துக்கொண்டு போனது, நாலு நின்றது. காலை ஏழரை மணி. பெரியவர்கள் எல்லாம் மஸ்டர் கொட்டகையில் நின்றிருந்தார்கள், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம் அது. வீட்டில் இருந்தவர்கள் ஒன்பது பேர். எட்டு உடல் இரண்டு நாளில் கிடைத்தது. ஒன்பதாவது ஆள் வினோதினி, பதினோராம் வகுப்பு. கடைசி வீட்டுப் பேச்சித்தாயின் ஒரே மகள். புருஷன் முன்பே விட்டுவிட்டுப் போனவன். அந்தப் பெண்ணுக்கு அம்மா, அம்மாவுக்கு அந்தப் பெண், அவ்வளவுதான் குடும்பம்.

ஏழாவது நாள் ஹரிநந்தன் வந்தார். பனியால் ஹெலிகாப்டர் இறங்க மூன்று மணி நேரம் தாமதம். கார் கொஞ்ச தூரம் வந்தது, பிறகு நடை. அவர் பூட்ஸ் சேற்றில் புதைந்தது. கலெக்டரைப் பார்த்து, "ஒரு சாலை போடத் துப்பில்லாத ஊருக்கு என்னை எதற்கு வரவழைத்தாய்?" என்றார். அது தமிழாக வேண்டிய அவசியம் இல்லை, கலெக்டர் பிஹார்க்காரர்.

மஸ்டர் கொட்டகையில் மேடை. எதிரே ஆயிரம் பேர் நனைந்துகொண்டு நின்றார்கள். எழுதிக் கொண்டுவந்ததைப் படித்தார், நான் சொன்னேன். முடித்துவிட்டு இறங்கும்போதுதான் பேச்சித்தாய் போலீசுக்கு நடுவில் புகுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை முழுக்க மண்.

"ஐயா, தோண்டுறத நிறுத்திராதீங்க ஐயா. எம்புள்ள இன்னும் உள்ளதான் இருக்கு. எடுத்துக் குடுத்துருங்க. நான் அடக்கம் பண்ணிக்கிறேன். வேற ஒண்ணும் கேக்கல."

நான் அதை ஒரு வார்த்தை மாற்றாமல் இந்தியில் சொன்னேன். மக்கள் சொல்வதை நான் ஒருபோதும் மாற்றியதில்லை.

நரம்பு புடைத்தது. ஆனால் எதிரே ஐந்தாறு கேமரா இருந்தது, அதனால் முகம் சிரித்தபடியே இருந்தது. அதுதான் அவரிடம் உள்ள பெரிய வித்தை. கையை விடுவித்துக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே, என் பக்கம் தலையைச் சாய்த்து, சிரித்த முகமாகத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

என்ன சொன்னார் என்பது இப்போது வேண்டாம். அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

மைக் என் கையில் இருந்தது. ஆயிரம் பேர் என்னைப் பார்த்தார்கள். அவள் பார்த்தாள். ஏழு நாள் தூங்காத கண். நான் சொன்னேன்: "அம்மா, தோண்டுவது நிற்காது. உங்கள் மகள் கிடைக்கிற வரைக்கும் நிற்காது. இது என் வாக்கு."

கொட்டகையே அழுதது. அவள் கும்பிட்டாள். அவரைப் பார்த்துக் கும்பிட்டாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் கொட்டை எழுத்தில், 'மகள் கிடைக்கும்வரை தேடுவோம்: பிரதமர் உறுதி'. அதே மறுநாள் மத்தியானம் மெஷின்கள் எல்லாம் மலை இறங்கிவிட்டன. அந்தச் செய்தி உள்பக்கத்தில், இரண்டு அங்குலம்.

நான் வீட்டுக்குப் போய்க் கோமதியிடம் நடந்ததைச் சொன்னேன். எவ்வளவு பெரிய சங்கடத்தைத் தவிர்த்தேன் தெரியுமா என்று சொன்னேன்.

"அப்ப அந்தப் பொண்ணத் தேடுவாங்களா?" என்றாள்.

"அது அவங்க நிர்வாகம். எனக்கெப்படித் தெரியும்?"

"தெரியாம ஏன் சொன்னீங்க?"

"அப்ப வேற என்ன சொல்லச் சொல்ற?"

அவள் சாதத்தைத் தட்டில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் மேடையில் பேசினால் டி.வி.யை அணைத்துவிடுவாள்.

ஹரிநந்தன் விழுந்த கதை உங்களுக்கே தெரியும். சொந்த மந்திரிகளையே கூட்டத்தில் வைத்துத் திட்டினார், ஒருவர் மேல் ஃபைலை வீசினார் என்று பேச்சு. ஒவ்வொருவராக விலகினார்கள், ஆட்சி போனது. டெல்லியில் அவருக்கு மொழிபெயர்க்க ஆள் இல்லை. அடுத்த வருஷம் இறந்தும் போனார். தமிழ்நாட்டில் நல்ல கூட்டத்தோடு இரங்கல் ஊர்வலம் நடந்தது, நானும் போனேன்.

மலை சரிந்த பத்தாவது வருஷ நினைவுநாளில் பத்திரிகையில் ஒரு படம். பாதி இடிந்த லைன் வாசலில் ஒரு பெண். மற்ற குடும்பமெல்லாம் கீழே புது வீட்டுக்குப் போய்விட்டது. இடம் ஆபத்து என்று எஸ்டேட் கரண்டையும் வெட்டிவிட்டது. இவள் மட்டும் நின்ற நாலு வீட்டில் ஒன்றில் இருக்கிறாள். ஏன் போகவில்லை என்று நிருபர் கேட்டிருக்கிறார். 'மகள் கிடைக்கும்வரை நிற்காது என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்' என்று சொல்லியிருக்கிறாள்.

அந்தப் பத்திரிகையை மடித்து அலமாரியில் அகராதிக்குக் கீழே வைத்தேன். கோமதி எடுத்துவிட்டாள். அவளுக்கு அப்போது புற்றுநோய். டாக்டர் இங்கிலீஷில் சொன்னதை நான் அவளுக்குத் தமிழில், சின்னக் கட்டிதான், மாத்திரையில் கரைந்துவிடும் என்று சொல்லி வைத்திருந்தேன். பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "எனக்குச் சொன்னதுகூடப் பரவால்லைங்க. எனக்கு உங்களத் தெரியும், நானே கழிச்சுக்குவேன். அந்த அம்மாவுக்கு உங்களத் தெரியாதே. போய்ச் சொல்லிட்டு வாங்க." கடைசி வாரம் வரைக்கும் அதையே சொன்னாள். நாளைக்கு, நாளைக்கு என்றேன். அவள் போன மூன்றாவது மாதம்தான் இந்த பஸ் ஏறினேன்.

வளைவு முப்பத்தொன்று. காது அடைக்கிறதா? எச்சில் விழுங்குங்கள், சரியாகிவிடும்.

போன வருஷம் மார்கழி அது. லைன் வாசலில் பேச்சித்தாய் கொழுந்துக்கூடையைத் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "வாங்க சார்" என்றாள். நேற்றுப் பார்த்த ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எல்லோருக்கும் இடம் நினைவு வராத முகம் என்றேனே, அவளுக்கு வந்தது.

பால் இல்லாத கட்டன் டீ கொடுத்தாள். குடித்துவிட்டு ஆரம்பித்தேன். "அம்மா, அன்றைக்குப் பிரதமர் சொன்னதில் சில விஷயம்... அவர் உணர்ச்சிவசப்பட்டு... நான் அதைக் கொஞ்சம்..."

"சார்" என்றாள். "அவரு என்ன சொன்னாரோ, அத அப்பிடியே சொல்லுங்க."

பத்து வருஷமாக நான் யாரிடமும், கோமதியிடம்கூட முழுசாகச் சொல்லாதது. முதலில் இந்தியில் சொன்னேன். பிறகு தமிழில் சொன்னேன். அவர் சொன்னது இதுதான்: "ஏழு நாள் ஆகிவிட்டது, இன்னும் என்ன தோண்டுவது? மண்ணுக்குள் போனவள் போனவள்தான். கேமராவைப் பார்த்ததும் அழுகிறாள். நாளையோடு மூடச் சொல். இவள் கையில் என்ன நாற்றம்."

அவள் கூடையைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். காறித் துப்புவாள் என்று நினைத்தேன்.

"சரிதான்" என்றாள். "பூல்மணியும் இதத்தான் சொன்னா. ஒரு வார்த்த மாறல."

பூல்மணி ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்த பெண். இப்போது எல்லா எஸ்டேட்டிலும் அவர்கள்தான். அன்றைக்குப் பேச்சித்தாய்க்குப் பின்னால், ஹரிநந்தனுக்கு மூன்றடி தூரத்தில் நின்றிருக்கிறாள். நான் யோசிக்கவே இல்லை, பாருங்கள். அந்தக் கூட்டத்தில் இந்தி தெரிந்தவர்கள் நானும் அதிகாரிகளும்தான் என்று நினைத்தேன். தொழிலாளிக்குத் தெரிந்திருக்கும் என்று தோன்றவே இல்லை. அன்றைக்குச் சாயங்காலமே தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் அவள் சொல்லிவிட்டாள்.

"அப்போ தெரிஞ்சுமா பத்து வருஷமா இங்கேயே இருக்கீங்க? பத்திரிகையில அப்படிச் சொன்னீங்க? அவர்தான் வாக்கே கொடுக்கலையே."

"அவரு குடுக்கல சார். நீங்க குடுத்தீங்கல்ல."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"ஆயிரம் பேரு முன்னால மைக்குல சொன்னீங்க. 'என் வாக்கு'ன்னு சொன்னீங்க. உங்களப் பாத்துத்தானே கும்பிட்டேன். அந்தாளு அப்பிடிப் பேசினப்பறமும் ஒரு மனுசன் இப்பிடிச் சொல்றாருன்னா, மனசுலருந்துதானே சொல்லியிருப்பாரு? வருவாருன்னு இருந்தேன். லேட்டாயிருச்சு. சரி, பரவால்ல. வந்துட்டீங்கல்ல."

பிறகு என்னைப் பின்பக்கம் அழைத்துப்போனாள். அங்கே சரிவில் ஒரு பள்ளம், மெஷின் இல்லாமல் மண்வெட்டியால் வெட்டியது. ஒவ்வொரு ஞாயிறும் வெட்டுகிறாள். மழையில் பாதி மூடும், மறுபடி வெட்டுவாள். மெஷின்காரர்கள் வீடு நின்ற இடத்தில் தோண்டினார்கள், வீடு அங்கே இல்லை, மண்ணோடு கீழே போய்விட்டது என்றாள். எப்படித் தெரியும் என்றேன். கடைசியாகக் கிடைத்திருந்த பாத்திரத்தைக் காட்டினாள்.

நம் ஆட்கள் பாத்திரத்தில் பேர் வெட்டுவார்கள் அல்லவா? சீருக்கு வந்தது, மொய்க்கு வந்தது, எல்லாவற்றிலும் பேர் இருக்கும். முதலில் கிடைத்தது ஐந்தாம் வீட்டு மரியசெல்வத்தின் குடம். அதற்குப் பத்தடி கீழே ஆறாம் வீட்டு இட்லிக் கொப்பரை. அதற்கும் கீழே ஏழாம் வீட்டுத் தூக்குவாளி. "லைன் கலையாமத்தான் போயிருக்கு சார். ரயில் பொட்டி மாதிரி. பேரப் பாத்துக்கிட்டே போனா எங்க வீடு வந்துரும்." கிடைத்ததையெல்லாம் கழுவி, பஸ் பிடித்துப் போய், கீழே புது வீட்டில் இருக்கிறவர்களிடம் கொடுத்துவிட்டு வருவாளாம். வாங்கிக்கொண்டு அவர்கள் அழுவார்களாம். இவள் டீ குடித்துவிட்டு வந்துவிடுவாளாம்.

சொல்லி முடித்துவிட்டு மண்வெட்டியை என் கையில் கொடுத்தாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் வீட்டுக்குப் போயிருப்பேன்.

அறுபத்தெட்டு வயசு. சாக்பீஸ் தவிர வேறு பிடிக்காத கை. முதல் நாள் கால் மணி நேரம்தான் வெட்டினேன், உள்ளங்கை கிழிந்துவிட்டது. அவள் மஞ்சள் அரைத்துக் கட்டினாள். "போதும் சார், அடுத்த மாசம் வாங்க" என்றாள். அப்படித்தான் மாதம் ஒரு ஞாயிறு ஆனது. எட்டாம் வீட்டைத் தாண்டினோம். ஒன்பதாம் வீட்டுக் குக்கர் மூடி பங்குனியில் கிடைத்தது.

போன மாதம் என் மண்வெட்டியில்தான் ணங் என்று பட்டது. சின்ன எவர்சில்வர் டம்ளர், நசுங்கியிருந்தது. மண்ணை வழித்துப் பார்த்தேன். புள்ளி புள்ளியாக, 'வினோதினி, முதல் பிறந்தநாள்'. நான் படித்துச் சொல்லவில்லை. நீட்டினேன். அவள் வாங்கி முந்தானையால் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். அடுக்களைக்கு அடுத்ததுதான் வினோ படிக்கிற இடம் என்றாள். அன்றைக்கு மேலே வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

இன்றைக்கு அந்த இடம்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். பொள்ளாச்சியில் ஏறியதிலிருந்து உங்களிடம் பேசிக்கொண்டே மனசுக்குள் வாக்கியம் தயார் செய்துகொண்டு வருகிறேன். உள்ளே என்ன கிடைத்தால் அவளிடம் என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது, எந்த வார்த்தை கொஞ்சம் மெதுவாக இருக்கும் என்று. பழகிய வாய், என்ன செய்வது? ஆனால் போன மாதம் நான் கிளம்பும்போதே அவள் சொல்லிவிட்டாள். தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள். "அடுத்த தடவ வெட்ட மட்டும் வாங்க சார். எது கெடச்சாலும் நீங்க ஒண்ணும் பேசக் கூடாது. நானே பாத்துக்குவேன்."

அதனால்தான் எல்லாவற்றையும் உங்களிடம் பேசித் தீர்த்துவிட்டேன்.

கண்டக்டர், மேல்சோலை பிரிவு ஒன்று நிறுத்துங்கள்!

அந்தச் சாக்கைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள். காம்பைப் பிடியுங்கள், முனைப் பக்கம் வேண்டாம். நேற்றுதான் தீட்டினேன்.